பல்செட்டண்ணனின் டப்பா

இடது கால் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளுகிறார். ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டுகிறார். அது காதில் உட்கார்ந்த கையோடு பெருவிரல் தரையைத் துழாவி, டப்பாவின் விளிம்பைத் தடவி, இடப்பக்கப் பொத்தானை ஓர் அமுக்கு அமுக்குகிறது. சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிகிறது. கண் அதைப் பார்ப்பதே இல்லை. பிறகு பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியில் விரல் விழுகிறது. அவர் காதில் அது கும்மென்று இறங்கும். கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருக்கும் மனைவிக்குக் கேட்பதோ, டொக், டொக் டொக்.

"உங்க காதுல யானை நடக்குது. எங்களுக்கு எலிதான் ஓடுது" என்பார் அந்த அம்மாள். பதினாறு வருடமாக இதே வசனம், இதே எலி.

பகலில் அவர் பல் கட்டுகிறவர். பல் மருத்துவமனையின் மாடியில், ஜன்னலோரம் ஒரு நீளமான மேசை. அதன்மேல் தட்டுத் தட்டாகப் பிளாஸ்டரில் வார்த்த வாய்கள். ஒவ்வொரு வாயிலும் ஒரு துண்டுச்சீட்டு. இளஞ்சிவப்பு மெழுகை விளக்கில் காட்டி உருக்கி, ஒவ்வொரு பல்லாக நட்டு, ராவி, மெருகேற்றி, அந்த மனிதர் ஊரில் பாதிப் பேரைச் சிரிக்க வைத்திருக்கிறார். அவர் பேஸ் வாசிக்கும் வாத்தியக் குழுவில் எல்லோருக்கும் அவர் பல்செட்டண்ணன்தான்.

"நல்ல பல்செட்டுன்னா, போட்டவனுக்கே அது இருக்குன்னு மறந்து போகணும். ஞாபகம் வந்துச்சுன்னா நான் தோத்தேன்னு அர்த்தம்" என்பார். உடனே காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "பேஸும் அப்படித்தான்" என்று சேர்த்துக்கொள்வார். இந்த வாக்கியம் ஒருநாள் திரும்பி வந்து தன் முகத்திலேயே அறையும் என்று அவருக்கு யார் சொல்வது!

டப்பா என்று அவர் செல்லமாகச் சொல்வது ஒரு பிரீஆம்ப் பெடல். உள்ளங்கையளவு இரும்புப் பெட்டி, ஐந்து திருகுகள், காலால் மிதிக்க இரண்டு பொத்தான்கள். கிட்டாரிலிருந்து வரும் மெல்லிய சத்தத்தை வாங்கி, கனம் கூட்டி, கூர் குறைத்து, வெளியே அனுப்புவது அதன் வேலை. "டப்பா இல்லேன்னா நான் வெறும் கம்பிக்கட்டு" என்பார். திருகு எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு மெழுகுப் பொட்டு வைத்திருக்கிறார். மேடைக்கு இளஞ்சிவப்பு, வீட்டுக்கு வெள்ளை. டப்பாவை யாரும் தொடக்கூடாது. அரை அங்குலம் நகர்ந்தாலும் கால்விரல் கண்டுபிடித்துவிடும். "டப்பாவ நகத்துனியா?" என்று கேட்பார். அதனால் மனைவி அதைச் சுற்றித்தான் பெருக்குவார். தூக்கிப் பார்த்தால் அடியில் டப்பா அளவுக்கு ஒரு தூசிச் சதுரம் இருக்கும்.

இடப்பக்கப் பொத்தானுக்கு ஒரு குணம் உண்டு. அதை அமுக்கினால் வெளியே போகிற சத்தம் அடைபட்டுவிடும், ஹெட்போனில் மட்டும் கேட்கும். கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர் ஒருவர். ஒருநாள் ஹெட்போனில் வாசிக்கும்போது மூலையிலிருந்த ஸ்பீக்கரும் சேர்ந்து அதிர, அவர் படியேறி வந்து, "உங்க பாட்டுக்கு எங்க அலமாரிக் கண்ணாடி ஆடுது சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றுமுதல் ஹெட்போன் ஏறினால் விளக்கு எரியும். மேடையில் டப்பாவின் கம்பி, எல்லா வாத்தியச் சத்தத்தையும் கலந்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும் மிக்சருக்குப் போகும், அங்கே விளக்கு அணைந்திருக்க வேண்டும். "வீட்டுல சிவப்பு, மேடையில இருட்டு. இதுல குழம்ப என்ன இருக்கு?" என்று கேட்பார்.

குழம்ப இருந்தது.

ஒரு சனிக்கிழமை மதியம், பம்பு தொழிற்சாலையின் ஆண்டு விழா. அவர் மனைவி வேலை பார்க்கும் இடமும் அதுதான். ஓடுகிற பம்பின்மேல் உள்ளங்கையை வைத்து, இது தேறும், இது தேறாது என்று பிரிக்கும் பரிசோதனைப் பிரிவு. கணவர் தன் தொழிற்சாலையில் வாசிக்கப்போகிறார் என்று தோழிகளோடு இரண்டாம் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். மேடையில் அண்ணன் காலடியில் இருக்க வேண்டிய ஸ்பீக்கர் செத்துக் கிடந்தது. தன் வாசிப்பு தனக்கே கேட்காதே என்று பையிலிருந்து ஹெட்போனை எடுத்து டப்பாவில் செருகி மாட்டிக்கொண்டார். மேடையில் அவர் ஹெட்போன் மாட்டியது அதுவே முதல்முறை.

அப்புறம் நடந்ததைத்தான் இன்றுவரை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. காதுக்கு ஹெட்போன் வந்தது, கால்விரல் தன் கடமையைச் செய்தது. அவ்வளவுதான்! ஜன்னல் வெயில் டப்பாமேல் நேராக விழுந்ததில் விளக்கு எரிந்தது யார் கண்ணிலும் படவில்லை. மிக்சர்காரர் பார்த்திருக்கலாமே என்பீர்கள். அவர் மேடைக்கு முதுகைக் காட்டியபடி போனில் யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு மணி நேரம், இருபத்தொரு பாட்டு. அண்ணன் கண்ணை மூடித் தலையை ஆட்டி, வாழ்நாளில் வாசிக்காத வாசிப்பு வாசித்தார். அவர் காதுக்குள் யானைக் கூட்டமே போயிற்று. வெளியே ஓர் எலிகூட ஓடவில்லை.

கம்பியைச் சுருட்டக் குனிந்தபோது டப்பாவின்மேல் அவர் நிழல் விழுந்தது. நிழலுக்குள் சிவப்பாக எரிந்தது விளக்கு. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதலில் இப்போதுதான் கை பட்டிருக்கும் என்று தன்னையே ஏமாற்றப் பார்த்தார். கை படவில்லை.

அந்த நேரம் பார்த்து வந்தார் பாடகர். குழுவின் தலைவரும் அவரே. பகலில் காப்பீடு விற்பவர், பேச்சுக்குக் கேட்கவா வேண்டும்! நேரே டிரம்ஸ்காரரிடம் போய் நின்றார்.

"என்னப்பா கை அது? ஓடுது, நிக்குது, மறுபடி ஓடுது! ஒருத்தர் எழுந்து ஆடினாங்களா இன்னிக்கு? அடுத்த சனிக்கிழமை நீ வர வேண்டாம். கீபோர்டுலயே டிரம்ஸ் இருக்கு, அது ஒழுங்கா அடிக்கும்." பிறகு அண்ணனின் தோளில் கையைப் போட்டார். "இதோ, அண்ணன் மட்டும்தான் இன்னிக்குப் பாறை மாதிரி நின்னாரு. பேஸுன்னா இப்படி இருக்கணும்!"

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல நின்றார் அண்ணன். வாயைத் திறந்தால் என்ன ஆகும்? டிரம்ஸ்காரர் தப்புவார். ஆனால் பேஸே இல்லாத கச்சேரியில் பேஸைப் பாராட்டியிருக்கிறார் தலைவர். அப்படியென்றால் பேஸ்காரன் எதற்கு? கீபோர்டுக்காரர் ஏற்கெனவே இரண்டு முறை, "வேன்ல இடம் பத்தல, பேஸ என் இடது கையாலயே சமாளிச்சிடலாம்" என்று காதில் ஓதியிருக்கிறார். அண்ணன் மறுபடி கம்பியைச் சுருட்டக் குனிந்தார். டிரம்ஸ்காரர் தன் வலது மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர் அவர். கை நடுங்கியது என்று அதுவரை அவரை யாரும் சொன்னதில்லை.

வீடு திரும்பும் பேருந்தில் மனைவி மெதுவாகக் கேட்டார். "ஏங்க, நீங்க இன்னிக்கு வாசிச்சீங்களா?"

அண்ணன் அதிர்ந்து திரும்பினார். "ஏன் கேக்கற?"

"இல்ல, விரல் எல்லாம் ஓடிச்சு, பாத்தேன். ஆனா நாற்காலிக் கைப்பிடியில கைய வச்சிருந்தேன், ஒன்னுமே வரல. நீங்க வாசிச்சா அது நடுங்கும். உங்களக் கட்டின நாள்லேருந்து எனக்கு அப்படித்தான் தெரியும்."

பதினாறு வருடம் எலி எலி என்று கேலி செய்தவள் இவள்! ஊரே கவனிக்காததை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வைத்துப் பிடித்துவிட்டாளே! அவர் மடமடவென்று எல்லாவற்றையும் கொட்டினார். அந்த அம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டார்.

"அட கடவுளே. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு அந்த மனுஷன் எதுக்குங்க திட்டு வாங்கணும்? சொல்லிடுங்க."

"சொன்னா நான் வேண்டாம்னு ஆயிடும். நான் இல்லாமலே நல்லா இருந்துச்சுன்னு அவர் வாயாலயே சொல்லிட்டாரே."

"என்னத்த நல்லா இருந்துச்சு? எங்க செக்‌ஷன்ல ஒருத்தி நாற்காலிய விட்டு எழுந்தாளா? போன வருஷம் வேற குழு வந்தப்ப மேஜையெல்லாம் ஓரங்கட்டி ஆடினவளுங்க!" என்றார்.

அந்த வாரம் டப்பா தூசி படிந்து கிடந்தது. மாடியில் அவர் ஒரு கீழ்த்தாடைக்கு இடது கோரைப்பல்லை வலப்பக்கம் நட்டுவிட்டார். டாக்டரம்மா அதைக் கையில் தூக்கிப் பிடித்து, "என்னங்க ஆச்சு உங்களுக்கு?" என்று அலறினார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தவறு. அண்ணன் தவறிய பல்லை மெழுகிலிருந்து பிடுங்கி, அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழன் மாலை ஒத்திகை. பாடகரின் அலுவலகத்துக்குப் பின்னால், பழைய கோப்புகள் அடுக்கிய கிடங்கு. டிரம்ஸ்காரர் தன் சாமான்களை எடுத்துப்போக ஒரு போர்வையோடு வந்திருந்தார். அண்ணன் நின்ற வாக்கிலேயே சொன்னார். "தப்பு அவன் மேல இல்ல. அன்னிக்கு என் சத்தமே வெளிய போகல. டப்பாவ நான்தான் அடைச்சு வச்சிருந்தேன்."

பாடகர் சிரித்தாரே ஒரு சிரிப்பு! "அண்ணே, உங்களுக்குத் தங்க மனசு. அவனக் காப்பாத்தணும்னு இப்படியா கதை கட்டுவீங்க? எனக்குக் காது இல்லையா?"

அவரை நம்பவில்லை! ஐந்து நாள் தூக்கம் கெட்டுச் சொன்ன உண்மையை, பெருந்தன்மை என்று கன்னத்தில் தட்டிக் கொடுத்துவிட்டார்கள். அண்ணன் கிட்டாரைத் தோளில் மாட்டினார். "சரி, நம்ப வேண்டாம். போறதுக்கு முன்னாடி அவன் ஒரே ஒரு பாட்டு வாசிச்சுட்டுப் போகட்டும்" என்றார்.

பாட்டு எடுத்தார்கள். முதல் சரணம் நன்றாகத்தான் போயிற்று. கோப்புகளின் மேலிருந்த தூசி கொஞ்சம் உதிர்ந்தது. இரண்டாவது சரணத்தின் நடுவில் பெருவிரல் பொத்தானை அமுக்கியது. அண்ணன் விரலை நிறுத்தவில்லை. நாலு வரி, ஐந்து வரி. பாடகர் கழுத்தைத் திருப்பினார். ஆறாவது வரியில் தொடையில் தட்டிக்கொண்டு கத்தினார்.

"பாத்தீங்களா? பாத்தீங்களா? மறுபடி ஓட ஆரம்பிச்சுட்டான்!"

டிரம்ஸ் நின்றது. கீபோர்டும் நின்றது. அண்ணன் மட்டும் தொடர்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். கிடங்கு முழுக்க டொக், டொக் டொக். பாடகர் அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடி, அவர் விரலைப் பார்த்து, காலைப் பார்த்து, டப்பாவைப் பார்த்தார். சிவப்பு. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்ப, அன்னிக்கு நான் உங்களப் பாராட்டினேனே..."

"ஆமா."

"ரெண்டு மணி நேரம் பேஸே இல்லாம ஓட்டியிருக்கோமா?"

எந்தக் கேள்விக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தாரோ, அதே கேள்வி. கீபோர்டுக்காரர் தன் இடது கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

"ஓட்டல சார்" என்றார் டிரம்ஸ்காரர். "சாய சுவர் இல்லாம நான் தடுமாறிட்டு இருந்தேன். ஏன்னு எனக்கே தெரியல." பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "அஞ்சு நாளா, அண்ணே. பின்னாடி நோயாளிய வச்சுகிட்டு, என் கை நடுங்குதா நடுங்குதான்னு ஸ்டியரிங்கையே பாத்துகிட்டு ஓட்டினேன். நேத்து லீவே போட்டுட்டேன். அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

இது அண்ணன் எதிர்பார்க்காத அடி. தன் இடத்தைப் பற்றியே ஐந்து நாளும் யோசித்தாரே தவிர, அந்தக் கையைப் பற்றி அவர் ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. முகம் வெளிறிவிட்டது.

பாடகர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சனிக்கிழமை ரெண்டு பேரும் நேரத்துக்கு வந்து சேருங்க" என்றார் யாரையும் பார்க்காமல். "இந்தப் பாட்டையே மறுபடி எடுப்போம்."

டிரம்ஸ்காரர் போர்வையை மடித்து வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். குச்சிகளை எடுத்தார். அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை.

அண்ணன் முழங்காலிட்டு உட்கார்ந்தார். பொத்தானை அமுக்கி விளக்கை அணைத்தார். பிறகு, அரை அங்குலம் நகர்ந்தாலே பொறுக்காத அந்த டப்பாவை இரண்டு கையாலும் தூக்கி, தன் காலுக்கு எட்டாத தூரத்தில், டிரம்ஸின் ஓரத்தில், விளக்கு டிரம்ஸ்காரரைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்தார்.