மின்கோவின் எட்டாவது போல்ட்

மெக்கானிக் மின்கோவிடம் வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. வேலை முடியும் வரை வண்டிக்காரன் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அது அவன் சட்டம்.

"நாளைக்கு வந்து, என் நல்ல பேரிங்கை உருவிட்டுத் தேஞ்சதைப் போட்டுட்டேன்னு சொல்லுவே. நின்னு பாரு" என்பான்.

நின்றால் நம்பிவிடுவான் என்று நினைக்காதீர்கள். நாம் அவன் கையைப் பார்க்க, அவன் நம் கையைப் பார்த்துக்கொண்டிருப்பான். சுவரில் பதினேழு ஸ்பேனர் தொங்கும். வண்டி வாசலைத் தாண்டுவதற்கு முன் பதினேழையும் விரல் வைத்து எண்ணுவான்.

பிறக்கும்போதே அவன் இப்படி இல்லை. கூட்டுப்பண்ணை டிராக்டர் நிலையத்தில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவன். ஒரு அறுவடைக் காலத்தில் கதிரறுக்கும் எந்திரத்தின் கியர் பெட்டிக்குள் ஒரு நட்டு கிடந்தது. பற்கள் எல்லாம் நொறுங்கிப் போயின. மேலாளர் மின்கோவைக் கைகாட்டினார். அந்தப் பெட்டியை அவன் திறக்கவே இல்லை. திறந்தவன் யார் என்று தெரிந்த நாலு பேர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு வருஷம் மின்கோ டிராக்டர் கழுவினான்.

அன்றிலிருந்துதான் மஞ்சள் பெயிண்ட். அவன் இறுக்குகிற ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் ஒரு கோடு இழுப்பான். கோட்டின் பாதி போல்ட்டின் மேல், பாதி பக்கத்து இரும்பின் மேல். பிறகு யாராவது அந்தப் போல்ட்டைத் திருப்பினால் கோடு ஒடிந்துவிடும். "இதுதான் என் வக்கீல்" என்பான்.

போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை என் பழைய ரஷ்ய ஜீப்பை அவன் பட்டறைப் பள்ளத்தின் மேல் நிறுத்தினேன். கோடையிலிருந்து அதன் பின்பக்கம் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. முதலில் மெதுவாக, பிறகு பேச்சே கேட்காத அளவுக்கு. நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இனித் தள்ளிப்போட முடியாது. மறுநாள் ஞாயிறு என் பேத்திக்கு நாற்பதாம் நாள்.

பேத்தி பெயர் ராலிட்சா. அவளும் என் மகள் நெவெனாவும் மேலே, பழைய மாவு மில் பக்கம் இருக்கிறார்கள். ஆறு கிலோமீட்டர் மண் ரோடு. மழை பெய்தால் என் ஜீப்பைத் தவிர வேறு எதுவும் ஏறாது. நாற்பது நாளும் தாயும் பிள்ளையும் வாசல் தாண்டவில்லை. நாற்பதாம் நாள் கோயிலில் பாதிரியார் தலைக்கு மேல் ஜெபம் படிக்க வேண்டும். அவர்களை இறக்கிக் கொண்டுவருவது என் பொறுப்பு.

"பேத்தி எப்படி இருக்கா, டாச்சோ?" என்று மின்கோ கேட்டான்.

"அசிங்கமா இருக்கா. முள்ளம்பன்றிக் குட்டி மாதிரி" என்று சொல்லி இடப்பக்கம் மூன்று முறை துப்பினேன்.

"அப்படியே இருக்கட்டும்" என்று அவனும் துப்பினான்.

கண் பட்டுவிடக்கூடாது என்று வாயால்தான் அப்படிச் சொல்கிறோம். எழுத்துக்குக் கண் படாது என்று நினைக்கிறேன், அதனால் இங்கே சொல்கிறேன். அவள் காதுமடல் இருக்கிறதே, பிளம் பூவின் இதழ் மாதிரி. தூங்கும்போது யாரிடமோ பேரம் பேசி ஜெயித்தவள் போலச் சிரிக்கிறாள். ஒரு வாரமாக அந்தக் காதைப் பற்றியே நினைத்துக்கொண்டு விறகு பிளக்கிறேன். இரண்டு முறை கோடாலி காலுக்குப் பக்கத்தில் விழுந்தது.

மின்கோ ஒரு மரக்கட்டையின் ஒரு நுனியை அச்சின் மேலும் இன்னொன்றைக் காதிலும் வைத்துக்கொண்டு, என்னைச் சக்கரத்தைச் சுழற்றச் சொன்னான்.

"டிஃபரன்ஷியல்" என்றான். பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கரப் பெட்டி அது. "ரெண்டு வருஷம் முன்னாடி நான்தான் இதைக் கட்டினேன். நான் கட்டினது ஊளையிடாது. யாரு தொட்டா?"

"யாரும் தொடலே."

"யாரும் தொடாம எப்படிடா கெட்டுப்போகும்?"

பள்ளத்துக்குள் இறங்கி டார்ச் அடித்தான். பிறகு என்னைக் கூப்பிட்டான்.

டிஃபரன்ஷியலை அச்சுக் கூட்டோடு சேர்த்துப் பிடிப்பவை எட்டுப் போல்ட்டுகள். ஏழின் தலையில் மஞ்சள் கோடு அழுக்குக்கு அடியில் ஒடியாமல் இருந்தது. எட்டாவது, கீழே இருப்பது, கோடே இல்லாமல் இருந்தது.

"இப்ப சொல்லு" என்றான் மின்கோ.

எனக்கு மார்ச் மாதம் ஞாபகம் வந்தது. மருமகன் ஸ்டாமென் கூரை ஓடு ஏற்றுவதற்கென்று ஜீப்பை இரண்டு வாரம் வாங்கிக்கொண்டு போனான். திருப்பிக் கொடுத்தபோது, "ஒண்ணும் ஆகல மாமா, எதையும் தொடலே" என்றான். நான் கேட்காமலேயே சொன்னான். அவன் பிளெவென் பக்கத்துச் சமவெளிக்காரன், எங்கள் மலை ஊர்க்காரன் இல்லை. அவன் சிநேகிதன் ஒருத்தன் பழைய வண்டிகளை உடைத்து விற்கிறான். என் ஜீப்பின் பல்சக்கரங்கள் நல்ல பழைய சரக்கு.

டார்ச்சை வாங்கி அந்த எட்டாவதையே பார்த்தேன். மின்கோவுக்கு அது போதும்.

"உன் மாப்பிள்ளையா?"

"நான் சொன்னேனா?"

"உன் மூஞ்சி சொல்லுது. உள்ளே இருந்த நல்ல கிரவுன் பல்சக்கரத்தை எடுத்துட்டு தேஞ்சதை மாட்டிவிட்டிருப்பான்."

"ஒரு போல்ட்டைக் கழட்டி எப்படிடா கிரவுனை எடுப்பான்? மத்த ஏழுக்கும் கோடு இருக்கே."

"மஞ்சப் பெயிண்ட் எனக்கு மட்டுமா விக்கிறாங்க?"

நாளை ஜெபம் முடிந்து எல்லாரும் மேசையில் உட்கார்ந்த பிறகு ஸ்டாமெனை எழுப்பி நிறுத்திக் கேட்பது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். சம்பந்திகள் இருக்கட்டும், பாதிரியாரும் இருக்கட்டும். மாமனாரின் வண்டியிலேயே திருடுகிறவன் கையில் அந்தப் பிள்ளையை எப்படி விடுவது?

உண்மையைச் சொன்னால், மின்கோவின் மேலும் எனக்குச் சந்தேகம் இருந்தது. அவன் கட்டியதே சரியில்லாமல் இருக்கலாம். நான் சிறுநீர் கழிக்கப் போன நேரத்தில் அவனே அந்தக் கோட்டைத் துடைத்திருக்கலாம்.

எண்ணெயை இறக்கினான். ஒரு காபிக் கோப்பை அளவுகூட வரவில்லை. "வத்திப்போச்சு. பேரிங் காய்ஞ்சு செத்திருக்கு" என்றான். ஏழு போல்ட்டும் முனகிக்கொண்டே வந்தன. எட்டாவதில் ஸ்பேனரை வைத்து அழுத்தினான். வெண்ணெயில் கத்தி இறங்கியது போல இளகி, டக்கென்று ஒரு சத்தம். தலை மட்டும் எண்ணெய்த் தட்டில் விழுந்தது.

"முறிச்சிட்டியா?" என்றேன்.

அவன் பதில் சொல்லாமல் தலையை எடுத்துத் துடைத்து வெளிச்சத்தில் காட்டினான். முறிந்த இடத்தில் முக்கால்வாசி கறுப்பு. கால்வாசி மட்டும் பளபளவென்று வெள்ளை.

"கறுப்பு பழசு. வெள்ளை இன்னிக்கு. எவனோ நீள பைப்பைச் சொருகி இறுக்கியிருக்கான். அன்னிக்கே முக்கால்வாசி முறிஞ்சாச்சு." தலையை என் உள்ளங்கையில் வைத்தான். "சட்டைப்பையில போடு. நான் மாத்திட்டேன்னு நாளைக்குச் சொல்லாதே."

தலை போனால் என்ன, டிஃபரன்ஷியலைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும் என்று நினைத்தோம். இரண்டு பேரும் கடப்பாரை போட்டு நெம்பினோம். அசையவில்லை. முறிந்த துண்டு ஓட்டைக்குள் எதையோ கவ்விக்கொண்டு அத்தனை எடையையும் பிடித்து வைத்திருந்தது. அதை வெளியே எடுக்காமல் உள்ளே இருப்பது யாருடைய பல்சக்கரம் என்று பார்க்க வழியில்லை.

"வெல்டிங் வெச்சு ஒரு நட்டை ஒட்டித் திருப்பேன்" என்றேன்.

"உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கு, தீப்பிடிக்கும். உன் பேத்திக்குத் தாத்தா வேணுமா வேணாமா?"

துண்டின் முகத்தை ராவி மட்டமாக்கினான். சென்டர் பஞ்ச் என்கிற கூர் உளியை நடுவில் வைத்து ஒரே அடி. குழி நடுவில் விழுந்திருக்கிறதா என்று மூன்று பக்கமிருந்து பார்த்தான். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னான். மெல்லிய டிரில் பிட்டால் முதலில் துளைத்தான், பிறகு கொஞ்சம் தடித்த பிட்டால். ஒவ்வொரு முறையும் எண்ணெய் விட்டு, நிறுத்தி, துருவலை ஊதி, மறுபடியும். ஓட்டை ஒரு பக்கமாக ஓடிவிட்டால் அச்சுக் கூட்டின் திருகு மரை போய்விடும், பிறகு நாளைக்கு ஜீப்பும் இல்லை, ஜெபமும் இல்லை. முற்றத்தில் அவன் மனைவி குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தாள். கருகிய தோலின் வாசனையில் வயிறு இரைந்தது. யாரும் சாப்பிடப் போகவில்லை. அவனும் என்னைத் தனியாக விடமாட்டான், நானும் அவனைத் தனியாக விடமாட்டேன்.

ஓட்டை ஆழமானதும் நட்சத்திர முனை கொண்ட ஒரு பழைய பிட்டைச் சுத்தியால் உள்ளே அடித்து இறக்கினான். அது இறுகக் கடித்துக்கொண்டது. கைப்பிடியை மாட்டி இடப்பக்கம் மெதுவாகத் திருப்பினான். கீச்சென்று ஒரு சத்தம்.

"வருது" என்றேன்.

"வாயை மூடு. கையில விழற வரைக்கும் வரலே."

கால் சுற்று பின்னால், அரைக்கால் முன்னால். மறுபடி எண்ணெய். அவன் நெற்றி நரம்பு புடைத்திருந்தது. பத்து நிமிஷமோ அரை மணியோ, பிறகு அந்தத் துண்டு எதையோ இழுத்துக்கொண்டு வெளியே வந்தது. மரை முழுக்கக் கறுப்பாக ஏதோ சுற்றியிருந்தது.

"கயிறா?" என்றான் மின்கோ. பெட்ரோலில் நனைத்துத் துடைத்தான். கறுப்பு கரையக் கரைய, கீழே சிவப்பு தெரிந்தது. அப்புறம் வெள்ளை.

மார்ச் ஒன்றாம் தேதி எங்கள் ஊரில் எல்லாரும் மணிக்கட்டில் கட்டுகிற நூல்.

"பார்த்தியா, மார்ச் மாசம்" என்று மின்கோ மெதுவாகச் சொன்னான். "உன் மாப்பிள்ளை கையில இருந்ததுதான்."

நான் அவன் கையிலிருந்து அதை வாங்கினேன். நகத்தால் பிரித்தேன். சிவப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் ஒரு நீல இழை ஓடியது. ஊரில் எல்லார் வீட்டிலும் சிவப்பு, வெள்ளை இரண்டுதான். என் மனைவி ஸ்டான்கா மட்டும் நீலம் சேர்த்து ஒன்று முறுக்குவாள். ஒரே ஒரு ஆளுக்கு. நெவெனாவுக்கு.

போன் போட்டேன்.

"நெவெனா, மார்ச் மாசம் ஜீப்புக்கு அடியில யாரு படுத்தது?"

அந்தப் பக்கம் பிள்ளை சிணுங்குவது கேட்டது. "ஸ்டாமென் சொல்லிட்டாரா?"

"அவன் எதுவும் சொல்லலே. உன் கைநூல் சொல்லுது."

"நான்தான்ப்பா" என்றாள். "அன்னிக்கு லோவெச் ஆஸ்பத்திரிக்குத் தனியா போனேன். மூணு மாசம் முடியாம வெளிய சொல்லக்கூடாது இல்லையா. பாதி வழியில பின்னாடி எண்ணெய் சொட்டுது. ஒரு போல்ட் லூசா இருந்துச்சு. கழட்டி, சுத்தி இருந்த அழுக்கைச் சுரண்டிட்டு, வேற ஒண்ணும் கிடைக்காம கையில இருந்ததைச் சுத்தி, பைப்பைப் போட்டு இறுக்கினேன். நல்லா இறுக்கினேன்ப்பா."

"நல்லாத்தான் இறுக்கியிருக்கே. ரெண்டு கிழவனுங்க காலையிலேருந்து அதோட மல்லுக்கட்டறோம். வயித்துப் புள்ளையோட வண்டிக்கு அடியிலயா படுத்தே?"

"இப்படிக் கேப்பீங்கன்னுதான் சொல்லலே. எங்க போனேன்னு வேற கேப்பீங்க. வாயைத் திறக்கக்கூடாதுன்னு அவர்கிட்ட சத்தியம் வாங்கினேன். பாவம், உங்க முன்னாடி நிக்கும்போதெல்லாம் வேர்த்துக் கொட்டுது அவருக்கு." பிள்ளையைத் தட்டிக்கொடுக்கிற சத்தம் வந்தது. "அப்பா, அவரை ஏதாவது சொன்னீங்களா?"

"இன்னும் இல்லே" என்றேன்.

போனை வைத்ததும் மின்கோ, "ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டு சொன்னா?" என்றான்.

"திற. திறந்து பாரு."

இப்போது இழுத்த இழுப்பில் டிஃபரன்ஷியல் வந்துவிட்டது. பெஞ்சின் மேல் வைத்து, கிரவுனை விரலால் சுற்றிக்கொண்டே வந்தான். ஒரு பல்லுக்குக் கீழே, கட்டும்போது அடையாளத்துக்காக அவன் கூர் உளியால் அடித்த மூன்று புள்ளி இருந்தது.

"என்னோடதுதான்" என்றான், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. பல்லை எதற்கும் ஒருமுறை எண்ணினான்.

பேரிங்குகளைத் தட்டிக் கழற்றும்போது, தலை நிமிராமல் பேசினான்.

"நாளைக்கு மேசையில வெச்சுக் கேக்கலாம்னு இருந்தியா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"உன் மூஞ்சி." கொஞ்ச நேரம் தட்டினான். "அன்னிக்கு நிலையத்துல என்னை யாரும் கேக்கலே, டாச்சோ. கழுவுற இடத்துக்குப் போன்னாங்க. போனேன். எவனாவது ஒருத்தன், மின்கோ, நீயா அதைத் திறந்தேன்னு கேட்டிருந்தா, இல்லேன்னு சொல்லியிருப்பேன்." பேரிங் தரையில் விழுந்தது. "நீ போனையாவது போட்டே."

சாயங்காலத்துக்குள் புதுப் பேரிங், புதுப் போல்ட் எட்டு, நிறைய எண்ணெய். ஜீப் பூனைபோல் சத்தமில்லாமல் வீட்டுக்கு வந்தது.

ஞாயிறு காலை எல்லாரையும் இறக்கிக் கொண்டுவந்தேன். ஜெபம் படிக்கும்போது ராலிட்சா ஒரு முறைகூட அழவில்லை. வெளியே வந்ததும் சாவியை ஸ்டாமெனிடம் நீட்டினேன்.

"நீ ஓட்டு, மாப்ளே. நான் பின்னாடி பிள்ளையோட உக்கார்றேன்."

மூன்று வருஷத்தில் நான் இருக்கும்போது அவனை ஓட்ட விட்டதே இல்லை. அவன் சாவியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், நெவெனாவைப் பார்த்தான்.

"ஏன் மாமா? வண்டிக்கு ஏதாவது ஆச்சா?"

"ஒண்ணும் ஆகலே."

நான் அப்படிச் சொன்னதுதான் தப்பு. அவன் புது கால்சட்டையோடு ஜீப்பின் பின்னால் போய் முழங்கால் போட்டுக் குனிந்தான். வண்டிக்கு அடியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"என்னடா பாக்கறே?"

"நீங்க என்ன பாக்கறீங்க?" என்றான் ஸ்டாமென்.

மறுபக்கம் மின்கோ, கோயிலுக்கென்று போட்டுவந்த ஞாயிற்றுக்கிழமைக் கோட்டும் சூட்டுமாக, எண்ணெய் சொட்டுகிறதா என்று அட்டையை விரித்துப் படுத்திருந்தான்.