காருக்குப் போட்ட தண்ணீர்க் குழாய்

2009ஆம் வருடம், ஐப்பசி அடைமழை நேரம். கடலூர் முதுநகரில் எனக்குக் குழாய்ச் சாமான் கடை. பைப், எல்போ, வால்வு என்று தண்ணீர் ஓடுவதற்கு வேண்டிய எல்லாம் விற்கிறேன். என் கையால் போட்ட ஜாயின்ட் ஒழுகியது என்று ஒருத்தரும் திரும்பி வந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு. நடந்த அத்தனைக்கும் அந்தத் திமிர்தான் காரணம் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்போது என்னிடம் ஒரு பழைய சின்ன கார் இருந்தது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் வீடு என்பதால் உப்புக் காற்று இரும்பைச் சும்மா விடாது. பின்சீட்டுக்குக் கீழே தகரத்தில் இரண்டு மூன்று பொத்தல்கள் விழுந்திருந்தன. அதன்மேல் ரப்பர் மிதியடியைப் போட்டு மறைத்துவிட்டேன். ஆனால் இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் புகையைக் கொண்டுபோகும் குழாய் அரித்து உடைந்தபோது எதைப் போட்டும் மறைக்க முடியவில்லை. வண்டி டிராக்டர் மாதிரி கத்தியது.

சிதம்பரத்தில் இருக்கும் என் மனைவியின் தம்பிக்கு இது போதாதா? "மாமா, நீங்க முதுநகர்ல ஸ்டார்ட் பண்ணா இங்க எங்க வீட்டு ஜன்னல் ஆடுது" என்று போனில் ஓட்டினான். அவன் கட்டியிருந்த புது வீட்டுக்கு அந்த வாரம் கிரகப்பிரவேசம். சத்தமே இல்லாமல் காரில் போய் அவன் வாசலில் இறங்க வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு வந்துவிட்டது.

ஊரிலேயே சைலன்சர் வேலை செய்கிற ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். என் வயதுதான் இருக்கும். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"ரெண்டு எடத்துல வளைவு வருது சார். சீரா வளையற பெண்டு பைப்பா பாத்துப் போடணும். சரக்கு வர ஒரு வாரம் ஆவும்."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. என் கடையில் வளைவுகள் அலமாரி அலமாரியாகக் கிடக்கின்றன. நானே எல்போ தருகிறேன், வெல்டு வைத்துக் கொடுங்கள் என்றேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே மறுப்பாகத் தலையாட்டினார்.

"அது ஜி.ஐ. சார், மேல துத்தநாகம் பூசினது. அத்தச் சுட்டா வர்ற புகை ஒடம்புக்கு ஆவாது, நான் வைக்க மாட்டேன். அதில்லாம எல்போ டக்குனு திரும்பும். தண்ணிக்கு அது போதும். புகை அங்க முட்டிக்கினு நிக்கும்."

குழாய் விற்கிறவனுக்கே குழாய்ப் பாடமா என்று எனக்குச் சுருக்கென்றது. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் கடையை அரைநாள் சாத்திவிட்டு நானே இறங்கினேன். வெல்டு எதற்கு, எனக்குத்தான் மரை போடத் தெரியுமே! ஜி.ஐ. பைப்பை அளந்து வெட்டி, மரை போட்டு, வளைய வேண்டிய இடங்களில் நான்கு எல்போ மாட்டினேன். தண்ணீர் லைனுக்குச் செய்வது போலவே மரையில் சணல் சுற்றி, பெயிண்ட் தடவி, அதற்குமேல் வெள்ளை டேப்பையும் சுற்றி, ரெஞ்சு போட்டு முறுக்கினேன். இரண்டு முனையிலும் கிளாம்ப். ஸ்டார்ட் செய்தால் சத்தம் பாதிக்கு மேல் அடங்கியிருந்தது. என் மனைவி வாசலுக்கே வந்து, "அட, பரவால்லியே" என்றாள். அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

இரண்டு நாள் ஊருக்குள் ஓட்டினேன். லேசாகக் கருகல் வாசனை வந்தது. புதுப் பெயிண்ட் காய்கிறது என்றேன். ஜன்னல் திறந்திருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கிரகப்பிரவேசத்தன்று காலையில் நான், மனைவி, நான்காவது படிக்கும் மகள் மூவரும் கிளம்பினோம். நல்ல மழை. கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிட்டோம். மகள் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு பின்சீட்டில் மாமாவுக்கு வாங்கிய குத்துவிளக்கை மடியில் வைத்திருந்தாள். கொஞ்ச தூரம் வரை பாட்டும் பேச்சுமாகத்தான் வந்தாள்.

"என்னாங்க, தலை ஜாஸ்தியா வலிக்குது" என்றாள் மனைவி. காலையில் சாப்பிடாமல் கிளம்பினால் அப்படித்தான் என்றேன். உண்மையில் எனக்கும் நெற்றி விண்விண் என்றது. மகள் பேச்சை நிறுத்தியிருந்தாள். விடிவதற்கு முன்னே எழுப்பினோமே, தூங்கட்டும் என்று விட்டுவிட்டோம். ஆலப்பாக்கம் தாண்டியதும் வண்டி இழுக்க மறுத்தது. எவ்வளவு மிதித்தாலும் சோம்பியது. டயரில் காற்று குறைவு போலிருக்கிறது என்று நினைத்து, ரோட்டோரம் இருந்த ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினேன். இன்ஜினை அணைக்கவில்லை.

கடையில் ஒரு பெண்மணி இருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வந்து நான்கு டயரிலும் காற்றுப் பார்த்தார்.

"காத்து நல்லாத்தான் கீது" என்றவர் வண்டியின் பின்னால் போய் அப்படியே நின்றார். "ஏண்ணா, வண்டி ஓடிக்கினுதான இருக்குது? பின்னாடி புகையே காணோமே?"

கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்கி, புகை வராமல் இருந்தால் நல்லதுதானே என்றேன். இப்படி ஒரு பதிலைச் சொன்ன வாயை இன்றைக்கும் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"மழையில எல்லா வண்டியும் வெள்ளையா ஊதிக்கினு போவும்ணா. உங்களுது மட்டும் எங்க போவுது?" என்று குனிந்து அடியில் பார்த்தார். நிமிர்ந்த வேகத்தில் பின் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். "பாப்பா தூங்குதா?" என்று கேட்டவர் நான் பதில் சொல்லும்வரை காத்திருக்கவில்லை. கதவைத் திறந்து என் மகளின் கன்னத்தைத் தட்டினார். அவள் எழவில்லை. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. குத்துவிளக்கு மடியிலிருந்து உருண்டு விழுந்தது.

"ஆப் பண்ணுண்ணா! எல்லாக் கதவையும் தொற!" என்று அவர் போட்ட கூச்சலில்தான் எனக்கு உறைத்தது. அதற்குள் மகளை வாரித் தூக்கிக்கொண்டு போய்க் கடை வாசல் பெஞ்சில், சாரல் முகத்தில் படும்படி போட்டுவிட்டார். மனைவி இறங்கி இரண்டடி வைத்ததும் தள்ளாடி உட்கார்ந்துவிட்டாள். நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். எத்தனை தடவை என்று தெரியாது. கடைசியில் அவள் குமட்டி வாந்தி எடுத்து, கண்ணைத் திறந்து, "அம்மா" என்றாள். நான் ரோட்டோரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். வெட்கமெல்லாம் அப்போது எங்கே இருந்தது?

அந்தப் பெண்மணியே நடுரோட்டில் நின்று சிதம்பரம் போகிற ஒரு வேனைக் கைகாட்டி நிறுத்தினார். "வண்டிய நான் பாத்துக்கறேன், நீங்க மொதல்ல பாப்பாவ கவனிங்க" என்று ஏற்றிவிட்டார். ஆஸ்பத்திரியில் மகளுக்கும் மனைவிக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத இன்ஜின் விஷவாயு உள்ளே புகுந்திருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரம் அந்த வண்டியில் இருந்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். சாயங்காலம் மகள் எழுந்து உட்கார்ந்து, மாமா வீட்டுப் பாயசம் மிச்சம் இருக்குமா என்று கேட்டாள். மச்சான் அதைத் தூக்குச்சட்டியில் ஏற்கெனவே கொண்டுவந்திருந்தான். அன்றைக்கு அவன் ஒரு கிண்டல்கூடச் செய்யவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

காரைக் கயிறு கட்டி இழுத்து, அதே சைலன்சர்க்காரரிடம் கொண்டுபோனேன். என் குழாயைக் கழற்றிக் கீழே போட்டார். சணலும் டேப்பும் கருகிச் சாம்பலாகியிருந்தன. எல்போவில் முட்டிய புகை அந்த மரைகள் வழியாகக் கசிந்து, மிதியடிக்கு அடியிலிருந்த பொத்தல்களில் நுழைந்து, என் மகள் உட்கார்ந்திருந்த இடத்துக்கே போயிருக்கிறது. அவர் ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டவில்லை. இரண்டு பெண்டு பைப்புகளை எடுத்து என் முன்னால் வைத்தார். "நீங்களே பாத்து எடுங்க சார். கை உள்ள விட்டுப் பாருங்க."

ஒன்று வளையும் இடத்தில் உள்பக்கம் நசுங்கிச் சுருக்கம் விழுந்திருந்தது. இன்னொன்று நிதானமாக வளைந்திருந்தது. விரலை விட்டால் முழுக்க ஒரே வட்டம், எங்கேயும் தட்டவில்லை. இரண்டாவதைக் கொடுத்தேன். "அதான்" என்று சிரித்தார். பொத்தல் விழுந்த வண்டித் தரைக்குப் புதுத் தகடும் அடித்துக்கொடுத்தார்.

அடுத்த வாரம் பஞ்சர் கடைக்குப் போனேன். என்ன செய்தால் தகும் என்றே தெரியவில்லை. நான் நீட்டிய பணத்தை அவர் கையால்கூடத் தொடவில்லை. ட்யூப் முக்கிப் பார்க்கும் தொட்டிக்குக் கடைக்குப் பின்னாலிருந்த தன் வீட்டிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார். மறுநாளே மகளையும் கூட்டிக்கொண்டு சாமான்களோடு போய், வீட்டு மோட்டாரிலிருந்து தொட்டி வரைக்கும் லைன் போட்டுக்கொடுத்தேன். மரையில் நான் சணல் சுற்றுவதை இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏண்ணா, இதுல தண்ணிதான வரும்?" என்றார். என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் ரெஞ்சைக் கீழே வைத்தேன். திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தேன்.

மூன்று வருடம் ஆகிறது. மகள் இப்போது ஏழாவது படிக்கிறாள். மழைக்காலத்தில் எங்கே கிளம்பினாலும் நான் முதலில் இன்ஜினை ஓடவிட்டுப் பின்னால் போய் நிற்பேன். அவள் வாசல் திண்ணையில் நின்றபடி, "புகை வருதாப்பா?" என்று கேட்பாள். வெள்ளையாக வருவதை என் கண்ணால் பார்த்த பிறகுதான், ஏறிக்கோ என்பேன். வருகிறவர்களின் டயரை மட்டும் பார்த்து அனுப்பிவிடாமல், பின்சீட்டில் யார் இருக்கிறார்கள் என்றும் குனிந்து பார்த்த அந்தப் பெண்மணியை ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் நின்று நினைத்துக்கொள்கிறேன்.