விஜயகுமாரியின் வேதியியல் நோட்டு

ஸ்கேலைப் பல்லில் கடித்தபடி, இடது கையில் செல்போனைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் எழுதுகிறாள் விஜயகுமாரி. ‘பிசிக்ஸ் சார் பேசினா ஃபேன் கூட தூங்குது.’ ஜெபகுமார், மாலை 6.10. ஓரத்தில் சிவப்பு மையில் பத்துக்கு ஆறு மார்க். பிறகு போனிலிருந்து அந்தச் செய்தியை அழிக்கிறாள்.

போன் அவளுடைய அப்பா எல்லப்பனுடையது. அணுபுரம் குடியிருப்பிலிருந்து எங்களை அணுமின் நிலைய வேலைக்கு ஏற்றிச் செல்லும் பஸ்ஸின் டிரைவர். டியூட்டி முடிந்து வந்து அவர் குளிக்கப் போனதும் இவள் கூடப் படிக்கும் ஜெபகுமாருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். செய்திகள் வரும். அவர் தலை துவட்டுவதற்குள் அவை நோட்டுக்கு ஏறிவிட வேண்டும். லாங் சைஸ் நோட்டு. அட்டையில் ‘வேதியியல்’.

“போனு காட்டிக் குடுத்துரும்க்கா. கெமிஸ்ட்ரி நோட்ட எவன் தொறக்கப் போறான்?”

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். தாளின் இருபுறமும் நெருக்கி எழுதுவாள். ஒரு தாளைக் கூடக் கிழித்ததில்லை. ஆறு மார்க் செய்தியைத் திரும்பக் கேட்டு ஜெபகுமார் கெஞ்சியபோதும் மறுத்துவிட்டாள். “வந்தது வந்துச்சு. நீ போய் வேற நல்லதா ஒண்ணு அனுப்பு.”

எதிர்வீடு என்னுடையது. கருவிகளைப் பழுது பார்க்கும் பொறியாளர் நான். என் பழைய போனில் கடித உறைப் படம் இரண்டு மாதமாக மின்னிக்கொண்டிருந்தது. புதிய செய்திக்கு இடமில்லை என்று பொருள். அதில் பதினைந்து செய்திகளுக்குத்தான் இடம்; பதினைந்தும் செங்கல்பட்டிலிருந்து என் அப்பா அனுப்பியவை. அவர் இறந்த பிறகு நான் எதையும் அழிக்கவில்லை. ஷிப்ட் மாற்றச் செய்தி இரண்டு முறை வந்து சேரவில்லை. மூன்றாம் முறை என்றால் மெமோ. கேபிள் வாங்கிக் கணினியில் செருகினேன். கணினி போனைக் கண்டுகொள்ளவில்லை.

“இவ்ளோ படிச்சிட்டு இதுக்கா ரெண்டு மாசமா பேஜாரு? குடுக்கா.”

அடுத்த வெற்றுப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். தேதி, நேரம் உட்பட. மார்க்கும் போட்டாள்.

“‘கீரை வாங்கியாச்சு. நீயும் வாங்கிட்டு வராதே.’ ரெண்டு மார்க்கு. ‘கரண்ட் வந்துடுச்சு.’ இத்தப் போயி பத்திரமா வச்சிகினு கீறியே.”

“அதற்கு எவ்வளவு?”

“அரை.”

எனக்குச் சிரிப்பு வந்தது.

பதினைந்தாவது: ‘பஸ் ஏறிட்டேன். நீ ஸ்டாப்புக்கு வராதே.’

“வந்தாரா?”

“இல்லை. பஸ்ஸிலேயே.”

சிவப்புப் பேனாவை மூடினாள். “இப்ப அழிச்சிரு.”

கட்டைவிரல் பொத்தான் மேல் இருந்தது. அழுத்த முடியவில்லை. “அந்தத் தாள் என் கையில் இருந்தால் அழிக்கிறேன்.”

தாளைத் திருப்பினாள். பின்பக்கம் முழுக்க ஜெபகுமார். அவன் ஒன்பது மார்க் வாங்கிய ஒரே செய்தியும் அங்கேதான். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஓரத்தில் ஸ்கேலை அழுத்தி வைத்துக் கிழித்தாள். என் வீட்டு நாள்காட்டியிலிருந்து முந்தின நாள் தாளை எடுத்து, பசை தடவி, ஜெபகுமார் மேல் ஒட்டினாள்.

“பிரிச்சிப் பாக்காதக்கா.”

ஈரம் காய இரண்டு முறை ஊதிவிட்டு, என் அப்பாவை மேல்பக்கமாக வைத்து என்னிடம் நீட்டினாள்.