வெள்ளைப் பாம்பின் தண்ணீர்க் கிண்ணம்

மயூர் விஹாரில் ஒரு மேடம் வீட்டில் தரை துடைக்கிறேன், பாத்திரம் துலக்குகிறேன். தனியாக இருப்பவர், நம் தமிழ்க்காரர்தான். மூன்று பாம்பு வளர்க்கிறார். கார்ன் ஸ்நேக்காம், விஷம் கிடையாது. ஒன்று ஆரஞ்சு, மேலே கறுப்புக் கரை கட்டிய சிவப்புத் திட்டு. அதுதான் அசல் நிறம். இன்னொன்று கறுப்பே இல்லாமல் பிறந்தது, ஆரஞ்சு மிட்டாய் மாதிரி, கண் சிவப்பு. மூன்றாவதுக்குக் கறுப்பும் இல்லை, சிவப்பும் இல்லை. வெள்ளை. முதல் நாள் வாசலிலேயே நின்றுவிட்டேன். பிறகு எல்லாம் பழகிவிட்டது, ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் பக்கத்தில் கிடக்கும் எலிக்குஞ்சுகூட.

வெள்ளையைப் பற்றி வீட்டில் வாய் விட்டதுதான் தப்பு. அப்போது நாங்கள் இருந்த குடிசைப் பகுதியை, மதராசி கேம்ப்பை, இடிக்க நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். மாற்று வீட்டுப் பட்டியலில் எங்கள் பெயர் இல்லை.

"வெள்ள நாகம்யா அது. என் கையால ஒரு வாய் பால் குடிச்சா நம்ம பேரு வந்துரும்," என்றாள் மனைவி.

"எலி திங்கிற பாம்பு அது. பாலைத் திரும்பிக்கூடப் பாக்காது."

"பாக்க வையி. அங்கதான வேல செய்யிற?"

வெயில் காலத்தில் மேடம் பத்து நாள் சென்னைக்குப் போனார். சாவி என்னிடம். ஜங்புராவில் முன்பு ஒரு பாம்பாட்டி என்னிடம் பீடி வாங்கிக் குடிப்பான். நாலு நாள் தண்ணீர் காட்டாமல் போட்டால் பாம்பு எதையும் குடிக்கும் என்று சிரித்தவன் அவன்தான். நான் வெள்ளையின் கிண்ணத்தை மட்டும் எடுத்து ஒளித்து வைத்தேன். தினமும் போய் மற்ற இரண்டுக்கும் தண்ணீர் மாற்றினேன். வெள்ளை கண்ணாடியில் மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. ஏழாம் நாள் மனைவியைக் கூட்டிப்போனேன். அவள் வைத்த பாலைக் குடித்தது. அவள் அழுதுகொண்டே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அதற்கப்புறம் தண்ணீர்க் கிண்ணத்தைத் திரும்ப வைத்தேன். மேடம் திரும்பியபோது, அதன் சட்டை சரியாக உரியாமல் காகிதம் மாதிரி உடம்பில் ஒட்டியிருந்தது. வால் நுனி கறுத்திருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, ஈரத்துணியால் மேடம் ஒவ்வொரு துண்டாக எடுத்தார்.

"தாத்தா, தண்ணி தினம் மாத்துனீங்கல்ல?"

"மாத்துனேன் மேடம்."

"அப்ப இந்த வெயில்தான். நான் போயிருக்கவே கூடாது."

"ஆமா மேடம்," என்றேன்.

பொய்யைவிட அந்த ஆமாதான் இன்றைக்கும் உறுத்துகிறது. வால் நுனி அரை விரல் அளவு உதிர்ந்துபோனது. எங்களுக்கு வீடு கிடைத்தது, நரேலாவில், ரொம்ப தூரம். பஸ் மாறி மாறி வருகிறேன். பாலால்தான் வீடு வந்தது என்று மனைவி பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

தீபாவளிக்கு மேடத்தின் அம்மா போனில் கூப்பிட்டார். "இதுங்கள விட்டுட்டு இனிமே எங்கயும் வர மாட்டேம்மா," என்றார் மேடம். நான் துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.