அவருடைய வருத்தம் எனக்கு வந்தபோது

என் கணவர் காலமாகி நான்கு வருடங்களுக்குப் பிறகு, அவரைக் கொண்டுபோன அதே வருத்தம் எனக்கும் வந்தது. இருவருக்குமே நெடுநாளாகச் சீனி வருத்தம், நீரிழிவு. அவர் மருந்தை மறப்பவர், நான் மறக்காதவள். முப்பது வருடம் கணக்குப் படிப்பித்த பழக்கத்தில் குளிசைகளைக்கூட நேரம் பிசகாமல் விழுங்குவேன். அப்படியிருந்தும், சிலாவத்துறையிலிருந்து மன்னாருக்குப் போகும் பஸ்ஸில் ஒருநாள் என் உடுப்பு நனைந்துவிட்டது. நனைந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

ஸ்கேன் பார்த்த டொக்டர் விளங்கப்படுத்தினார். சீனி நரம்புகளைக் கெடுத்துவிட்டதாம். சலப்பை, மூத்திரப்பை, நிறைந்தாலும் எனக்கு உணர்வு வராது. சலம் கழித்து எழும்பினாலும் பாதி உள்ளேயே தங்கிவிடும். தங்கியது தானாக ஒழுகும்.

"கவனிக்காம விட்டா கிருமி கிட்னிக்கு ஏறும் அம்மா," என்றார்.

அவர் என்னைப் பற்றித்தான் சொன்னார். எனக்கோ என் கணவரின் கதையைக் கேட்பது போலிருந்தது.

கடைசி இரண்டு வருடங்களும் அவர் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக்கூடப் பள்ளிவாசலுக்குப் போகவில்லை. கருவாட்டு யாவாரத்தில் ஊரெல்லாம் சுற்றிய மனிதர் வீட்டை விட்டு அசையமாட்டார். தன் சாரனைத் தானே கிணற்றடியில் அலசுவார். அறையில் சலத்தின் மணம் வந்தது. நான் சும்மா இருந்தேனா?

"ஒண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் அடக்கத் தெரியும். உங்களுக்கென்ன வந்தது?" என்று எங்களோடு இருந்த மருமகளுக்குக் கேட்கும்படியாகவே சொன்னேன்.

அவர் அதன்பிறகு பகலில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். நான் அதைப் பிடிவாதம் என்று நினைத்தேன். காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது இரண்டு கிட்னியிலும் கிருமி. ஒரு கிழமை, ஏழே நாள்தான் இருந்தார்.

நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இருக்கும் இத்தா முடிந்து அவருடைய அலுமாரியைத் திறந்தேன். சட்டைகளுக்கு அடியில், பழைய சாரன்களைக் கிழித்த துணித் துண்டுகள். துவைத்து, காயவைத்து, ஓரத்துக்கு ஓரம் வைத்து மடித்திருந்தார். வேறு எதையும் அவர் அவ்வளவு நேர்த்தியாக மடித்து நான் கண்டதில்லை.

எனக்கு மருந்தோடு சேர்த்து அக்குபங்சரும் செய்து பார்க்கச் சொன்னார்கள். கிழமைக்கு இரண்டு நாள். ஊசி போடும் பொம்பிளை டொக்டர் முதல்நாளே ஒளிக்காமல் சொன்னார்.

"இது சீனியை மாத்தாது. குளிசையை நிப்பாட்டக் கூடாது. சிலருக்குச் சலப்பைக்குக் கொஞ்சம் உணர்வு வரும். சிலருக்கு ஒண்டும் நடக்காது. பார்ப்பமா?"

தொப்புளுக்குக் கீழேயும் கணுக்காலுக்கு மேலேயும் மயிர்போன்ற ஊசிகளை இறக்கி, சிலவற்றில் வயர் கொழுவி மெல்லிய கரண்ட் விடுவார். "ஏதும் தெரியுதா?" என்று கேட்பார். என் கால்கள் எப்போதோ மரத்துப்போனவை. இல்லை என்பேன். அவர் வெளியே போய்விடுவார். இருபது நிமிடம் அசையாமல் கிடக்க வேண்டும்.

அந்த இருபது நிமிடமும் என் கணவர் வருவார். கண்ணை மூடினால் கால்மாட்டில் நிற்பார். முகத்தில் கோபம் இருக்காது. சாரனின் முன்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு, வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளை போல நிற்பார். கண்ணைத் திறந்தால் சுவர்தான். ஆனாலும் திறந்த பிறகும் கொஞ்சநேரம் அந்த மணம் இருக்கும். அது என்னுடையதா அவருடையதா என்று எனக்குத் தெரியாது.

ஆறாவது தடவை, திரைக்கு அந்தப் பக்கத்துக் கட்டிலில் ஓர் ஆண் கிடந்தார். கால் எரிவுக்கு ஊசி போட அரிப்பு என்ற ஊரிலிருந்து வந்தவர் என்று பேச்சில் விளங்கியது.

"சலம் போறதில ஏதும் கரைச்சல் இருக்கா?" டொக்டர் கேட்டார்.

"சேச்சே, ஒண்டுமில்லை. எல்லாம் சரி."

என் கணவரும் ஒவ்வொரு கிளினிக்கிலும் இதே வேகத்தில்தான் இதைச் சொல்வார். டொக்டர் போன பிறகு என்னால் பொறுக்க முடியவில்லை.

"தம்பி, நான் இந்தப் பக்கம் கிடக்கிறன். எனக்கு அந்தக் கரைச்சல்தான். உங்களுக்கும் இருந்தாச் சொல்லிப்போடுங்கோ. என்ரை மனுசன் சொல்லாமத்தான் மௌத்தானவர்."

அவர் திரைக்கு அப்பாலிருந்து, "மனிசிக்குத் தெரியாது அக்கா," என்றார்.

"என்ரை மனுசனும் எனக்குச் சொல்லேல்ல. சொல்லியிருந்தாலும் நான் ஏசித்தான் இருப்பன். நீங்கள் டொக்டருக்காவது சொல்லுங்கோ."

டொக்டர் ஊசி கழற்ற வந்தபோது, அவர் மிகத் தாழ்ந்த குரலில் சொல்லத் தொடங்கினார். நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். அவரை நான் கடைசிவரை பார்க்கவில்லை.

பன்னிரண்டு தடவை முடிந்து ஸ்கேன் எடுத்தபோது, தங்கும் சலம் முன்பைவிடக் குறைந்திருந்தது. மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கால் மணி பார்த்துச் சலம் கழிக்கப் போகவும் பழக்கியிருந்தார்கள். குறைந்தது ஊசியாலா அதனாலா என்று டொக்டரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. சில நாட்களில் அடிவயிற்றில் ஒரு பாரம் தெரிகிறது. தெரியாத நாட்களும் உண்டு.

ஒழுகும்போது தொழலாமா என்று தெரியாமல், வெட்கத்தை விட்டு ஒரு மௌலவியிடம் போன் எடுத்துக் கேட்டேன். "தொழலாம்மா. துணி கட்டிக்கொண்டு, ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் புதுசாக் கைகால் முகம் கழுவி வுழுச் செய்தாக் காணும்," என்றார். ஆண்கள் என்றால் பள்ளிவாசலுக்குப் போகலாமா என்றும் கேட்டேன். தாராளமாகப் போகலாம் என்றார்.

போனை வைத்துவிட்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். ஒரு நிமிடக் கேள்வி. என் கணவர் அதை ஒருவரிடமும் கேட்கவில்லை. வாய் திறந்து கேட்கிற தைரியத்தை அவரிடமிருந்து எடுத்தவள் நான்தான்.