பேட்டரி ஒயரைக் கழற்றச் சொன்னது யார்?

இன்று காலை மாசாய் டவுனில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். என் காரின் தரை துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். லீவு நாள் என்பதால் கணவரும் கூட வந்தார்.

ஃபோர்மேன் நேராக வெல்டிங் மெஷினை இழுத்துக்கொண்டு வந்தார். பேட்டரி பக்கமே போகவில்லை.

"அண்ணே, மொதல்ல பேட்டரி ஒயர கழட்டிருங்க. வெல்டிங் கரண்டு ஏறுனா காரோட கம்ப்யூட்டர் போயிரும். பேட்டரியிலேருந்து வர்ற கேஸ்ல பொறி பட்டா வெடிச்சிரும்," என்றேன்.

அவர் என் கணவரைப் பார்த்து, "ஒன்னும் ஆவாது பாஸ். இருவது வருஷமா இப்படித்தான் செய்யுறேன்," என்றார்.

நான் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருக்கிறேன். அங்கே வெல்டிங் தொடங்க என் கையெழுத்து வேண்டும். அதையும் சொன்னேன்.

"அது ஃபேக்டரி லா, இது காடி," என்றார். காரைத்தான் காடி என்கிறார். அதையும் கணவரிடமே சொன்னார்.

கணவர் தயங்கித் தயங்கி, "இல்லண்ணே, அந்த ஒயர கழட்டிருங்க," என்றார்.

"ஓகே பாஸ்."

உடனே ஸ்பேனர் வந்தது. இரண்டு ஒயரையும் கழற்றிவிட்டுத்தான் வெல்டிங்கைத் தொடங்கினார்.

வேலை நல்லபடியாக முடிந்தது. கிளம்பும்போது ஃபோர்மேன் கணவரிடம், "பாஸுக்கு காடியப் பத்தி நல்லா தெரியுது," என்றார்.

என் கணவர் தமிழாசிரியர். பானெட்டை எப்படித் திறப்பது என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பாராட்டை அவர் மறுக்கவில்லை.

அடுத்த மாதம் பிரேக் மாற்ற வேண்டும். அவரை மட்டும் தனியாக அனுப்பிவிடலாமா, சொல்லுங்கள்.