அத்தை போட்ட சாக்பீஸ் கோடு

தச்சநல்லூர் வீட்டில் உள் அறை வாசலுக்குக் குறுக்கே அத்தை ஒரு சாக்பீஸ் கோடு போட்டிருந்தாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. கோட்டுக்கு அந்தப் பக்கம் அவளுடைய கைக்குழந்தை. ஓயாத காய்ச்சல், ஆறாத வாய்ப்புண். பிறவியிலேயே நோய் எதிர்ப்புச் சக்தி இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அத்தை மட்டும் கோட்டைத் தாண்டுவாள். நான் இந்தப் பக்கம் நின்று கிலுகிலுப்பையை ஆட்டுவேன். அவன் பொக்கை வாயால் சிரிப்பான். முதல் பிறந்தநாள் வருவதற்குள் போய்விட்டான். அந்தக் கோட்டை அழிக்க எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை.

அத்தை தாய்மாமன் மகனைக் கட்டியவள். உறவுக்காரர்கள் கூடித் தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள்: "சொந்தத்துல கெட்டுனதுதான் குத்தம்." அதனால் அத்தை மகளை, என் மதினியை, முறைமாப்பிள்ளைகள் இரண்டு பேர் முறைத்துக்கொண்டு நிற்க, முக்கூடலில் அந்நியத்தில் பார்த்துக் கட்டிக்கொடுத்தார்கள். எங்கள் குடும்பத்தில் அது பெரிய புரட்சி. நோயைத் தலைமுழுகிவிட்டதாக எல்லோருக்கும் நிம்மதி.

நான் படித்து, வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றின் ஆய்வகத்தில் சேர்ந்த பிறகுதான் அந்தக் குழந்தையின் பழைய காகிதங்களைப் பார்த்தேன். சொந்தத்தில் கட்டினால் வருகிற நோய்கள் உண்டு. இது அந்த வகை இல்லை. தாயிடமிருந்து ஆண்பிள்ளைக்கு இறங்குவது. தகப்பன் யாராக இருந்தாலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மதினியின் ரத்தத்தையும் பார்த்தோம்; தனக்கு நோய் இல்லாமலே அவளும் அதைச் சுமந்துகொண்டிருந்தாள். அவள் அப்போது முழுகாமல் இருந்தாள். அத்தைக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"ஏட்டி, அப்ப எங்கிட்ட இருந்துதான் வந்துச்சா?" என்றாள். பிறகு அவளே, "சரி, பிள்ள பொறந்த அன்னைக்கே ரத்தத்தப் பாத்துரணும். நீ அங்கன சொல்லி வை" என்றாள்.

பையன் பிறந்தான். அவனுக்கும் இருந்தது. வேறொருவரின் எலும்பு மஜ்ஜையை மாற்றி வைப்பதுதான் வழக்கமான வைத்தியம்; பொருந்துகிற மஜ்ஜை கொடுக்க யாரும் இல்லை.

எங்கள் ஆய்வகத்தில் நடந்துகொண்டிருந்த வேலையை நினைத்தால் எனக்கு இப்போதும் கை துறுதுறுக்கிறது. குழந்தையின் மஜ்ஜையில் ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்களையே எடுத்து, பல் பிடுங்கின பாம்பு மாதிரி ஆக்கப்பட்ட ஒரு வைரஸ் வழியாகச் சரியான மரபணுவை உள்ளே சேர்த்து, அவனுக்கே திருப்பிக் கொடுப்பது. முன்பெல்லாம் கொஞ்சம் செல்களே மரபணுவை வாங்கிக்கொள்ளும். அவை மஜ்ஜையில் குடியேற இடம் ஒழித்துத் தரக் கடுமையான மருந்தும் வேண்டும். செல்கள் கூட வேண்டும், மருந்து குறைய வேண்டும். இதற்காகத்தான் நாங்கள் அங்கே பழியாய்க் கிடந்தோம். சொந்தக்காரப் பிள்ளை என்பதால் அவன் செல்களைத் தொட என்னை விடவில்லை. செல்களைக் கையாளும் கிருமியில்லாச் சுத்த அறைத் தரையில் ஒரு மஞ்சள் கோடு. மறுபடியும் நான் இந்தப் பக்கம். எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் செல்கள் வாங்கிக்கொண்டன என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கூட வேலை பார்க்கும் தோழி கட்டைவிரலை உயர்த்தியபோது என் கால் தரையில் பாவவில்லை. அந்தச் செல்களை அவன் உடம்பில் ஏற்றிய பிறகு ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்கும் அத்தைக்குப் போன். "எதிர்ப்புச் சக்தி கூடியிருக்கு அத்தை." "எம்புட்டுளா?"

போன மாதம் அவனுக்கு முதல் பிறந்தநாள். இனி மற்றப் பிள்ளைகளைப் போல விடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தும், அதே வாசலில் அத்தை புதுக் கோடு போட்டிருந்தாள். நான் இந்தப் பக்கம் நின்று கிலுகிலுப்பையை ஆட்டினேன். அவன் பார்த்தான், தவழ்ந்தான், கோட்டை முட்டியால் தேய்த்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தான். உள்ளங்கை முழுக்க வெள்ளை. அதை அப்படியே வாயில் வைத்தான். மதினி பாய்ந்தாள். அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுட்டி, பைய நக்கட்டும். சுண்ணாம்புச் சத்துதான."